பாதைக்குக் குறுக்கே கட்டிய குழை

இன்று காலை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தாராக் கூட்டமொன்று, காட்டு வாத்துகள்தான், தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போயிற்று. ஊருலகம் அண்ணாந்து பார்க்கும். நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். மருமகளுக்கு இது பெரிய பகிடி. உங்களுக்காவது காரணத்தைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் வன்னியில் ஸ்கந்தபுரத்துப் பக்கம் ஒரு குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி. என்னோடு தங்கியிருந்த பிலோமினா ரீச்சர் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. காடு இருவருக்கும் புதிது. அவளுக்குப் பறவைப் பைத்தியம். கப்பலில் வேலை செய்த மாமா கொடுத்த தூரக்கண்ணாடி எப்போதும் கழுத்தில் கிடக்கும். அதன் தோல் உறை நனைந்த செருப்பு மாதிரி மணக்கும். எனக்கும் அது பழகிவிட்டது.

பங்குனி மாதம். பனிக்காலத்துக்கு வந்த தாராக்கள் காட்டுக்குள் இருந்த குளத்தை விட்டுப் போகுமுன் பார்த்துவிட வேண்டுமென்று ஒரு சனிக்கிழமை விடியும்போதே என்னை இழுத்துக்கொண்டு போனாள். காட்டுப்பாதையில் ஓரிடத்தில் குறுக்கே காட்டுக்கொடி இழுத்து அதில் பச்சை இலைக் குழை கட்டியிருந்தது. வன்னியில் காட்டுக்குள் போகிறவர்கள் குழை முறித்து வைத்துப் பிள்ளையாரைக் கும்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊர் வழக்கம் தெரிந்தவள் என்ற பெருமையில் நானும் ஒன்றை முறித்துப் பக்கத்தில் கட்டினேன். பிலோமினா சிலுவை போட்டாள். இருவரும் குனிந்து கொடிக்குக் கீழால் நுழைந்தோம்.

கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடி முன்னால் நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"இஞ்ச பாரும், காலிலை என்னவோ இழுபடுது."

புல்லுக்குள் ஒரு கயிறு. அவள் காலில் அழுந்தி விறைத்து நின்றது. அது போன வழியே பார்த்தேன். இரண்டு கவைத்தடிகளின் மேல் ஒரு துவக்கு, முழங்கால் உயரத்தில், எங்களைப் பார்த்தபடி. பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்கு. கயிற்றில் இடறினால் வெடிக்கும் என்பது மட்டும் தெரியும். காலைப் பின்னுக்கு எடுத்தாலும் வெடிக்குமா என்பது தெரியாது.

அவள் சரிந்துவிடாமல் பின்னால் நின்று இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். "மாதாவே" என்று அவள் முணுமுணுக்க, நானும் மாதாவைத்தான் கூப்பிட்டேன். பிள்ளையார் கோபித்திருக்க மாட்டார். அந்த நேரம் பார்த்துத் தாராக்கள் பேரிரைச்சலாக எழும்பி எங்களுக்கு மேலால் போயின.

"அதுகளின்ரை வால் கூரோ எண்டு பாரும்" என்றாள், அழுதுகொண்டே.

நான் பார்க்கவில்லை. அவள் காலை விட்டு என் கண் அகலவில்லை.

விடிந்ததும் துவக்கைக் கழற்றிவிடுவது கட்டியவரின் வழக்கம். அப்படித் தன் வயலிலிருந்து வந்த கமக்காரர் எங்களைக் கண்டதும் தூரத்திலேயே கையை உயர்த்தினார்.

"ரீச்சர், அசையாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ."

பக்கத்தால் சுற்றி வந்து கயிற்றைத் துவக்கிலிருந்து விடுவித்தார். பிறகு அவரே நிலத்தில் குந்திவிட்டார்.

"குழை கட்டினனான். நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனாங்கள். பிள்ளையாருக்கெண்டு நினைச்சு நானும் ஒண்டு கட்டினனான்."

அவர் சிரிக்கவில்லை. "சாமிக்கெண்டால் கொப்பிலை தொங்கும், பிள்ளை. குறுக்கை கட்டினால் மனிசருக்கு, வராதேங்கோ எண்டு."

அந்தக் காடு பிறகு சண்டைக்குள் போயிற்று. இப்போது மரமும் இல்லை, பாதையும் இல்லை. அந்தக் கமக்காரரின் குடும்பம் எங்கே போனதென்று சொல்லவும் ஆளில்லை. சண்டைக் காலத்தில் பிலோமினாவின் மகள் விசுவமடுவில் விறகுக்குப் போனபோது மிதிவெடியில் காலை வைத்தாள். அந்தப் பாதையில் எவரும் குழை கட்டியிருக்கவில்லை.