சூசையண்ணையின் காலும் காந்தப் பெட்டியும்

மடக்கு, நீட்டு என்று ஆட்களைப் படுத்துகிற எங்கள் பிசியோதெரபித் தொழிலில் ஒரு வசதி உண்டு: வலித்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து இடுப்பு, நாரி நொந்த வாசகர்களே, உங்களுக்கு இது தெரியாததா?

மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் மன்னார் ஆஸ்பத்திரியில் எங்கள் பிசியோதெரபிப் பகுதிக்கு ஒரு தொண்டு நிறுவனம் காந்தப் பெட்டி ஒன்று தந்தது. அதிலிருந்து வருகிற வளையத்தை உடைந்த இடத்தில் மாட்டினால் காந்த அலை விட்டுவிட்டுப் பாயும், பொருந்த மறுக்கிற எலும்பும் பொருந்தும் என்றார்கள். சத்தமில்லை, சூடில்லை, வலியில்லை. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும்.

கடிக்காத கரண்ட்

சூசையண்ணை தலைமன்னார் மீன்பிடிகாரர். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது ஷெல் பட்டு முறிந்த கீழ்க்கால், தகடு வைத்தும் பொருந்தவில்லை. மூன்று மாதம் பெட்டியை வைத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்து ஒப்பரேஷன் என்றார் டொக்டர். ஊருக்குத் திரும்பியதும் மச்சானின் படகில் அவருக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ஆடுகிற படகில் அந்தக் காலை ஊன்றி நின்று வலை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

முதல் நாள் அரைமணி நேரம் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எறும்பு ஊருற மாதிரிக்கூட இல்லையே. உண்மையா இதுக்குள்ள ஏதும் ஓடுதோ?"

பெட்டிக்குச் சந்தனம்

பாக்கியமக்கா முருங்கன் பக்கத்து வயற்காரி. டிராக்டரிலிருந்து விழுந்து முறிந்த முன்னங்கை அவருக்கு. வருகிற நாளெல்லாம் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் அவருடைய எலும்பு பொருந்தியிருந்தது. சூசையண்ணைக்கு முறிவில் அதே இடைவெளி. நான் கண்டவரிடமெல்லாம் பெட்டியின் புகழ் பாடினேன். அக்கா சூசையண்ணைக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பெட்டி எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி. அவர் நம்பிக்கை வைக்கேல்லை."

அசையாத ஊசி

அடுத்த கிழமை சூசையண்ணை தன் பழைய படகுத் திசைகாட்டியைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தார். காந்தம் என்றால் இதற்குத் தெரியும் என்று வளையத்துக்குள் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஊசி பேசாமல் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

வளையத்து வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. பின்னேரங்களில் அதை இறுக்கிச் சுற்றி, வடிவாக அலுமாரிக்குள் வைத்தது நான்தான். எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. என் பிழையைச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப இவ்வளவு நாளும் ஒரு விளக்குக்கு முன்னால இருந்திருக்கிறன்" என்றார்.

டொக்டர் சொன்னது

ஆராய்ச்சிக்காரர் வேண்டுமென்றே சிலருக்கு ஓடுகிற பெட்டியும் சிலருக்கு ஓடாத பெட்டியும் கட்டித்தான் ஒப்பிடுவார்களாம். சில ஆய்வுகளில் ஓடியது கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது, சிலதில் வித்தியாசமே இல்லை. பாக்கியமக்காவின் கை தானாகவே பொருந்தியிருக்கலாம் என்றார் டொக்டர். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அவங்கள் ஆக்களிட்டச் சொல்லி, சம்மதம் வாங்கிப்போட்டுச் செய்வாங்கள். நீர் சொல்லாமல் செய்து போட்டீர்."

பாக்கியமக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதை ஆர் பொருத்தினது? எண்டாலும் நான் வைச்ச பொட்டை அழிச்சுப் போடாதேங்கோ."

இன்னும் மூன்று மாதம்

வயரை மாற்றினோம். உடனே ஒப்பரேஷனா, இன்னும் மூன்று மாதம் பெட்டியா என்று டொக்டர் முடிவைச் சூசையண்ணையிடம் விட்டார். அவர் என்னைக் கேட்டார். பெட்டி என்றேன். எலும்பை நினைத்துச் சொல்லவில்லை, பெட்டி வேலை செய்து என் பிழை கழுவப்படட்டும் என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த மூன்று மாதமும் திசைகாட்டி பக்கத்திலேயே இருந்தது. ஊசி நன்றாகவே துடித்தது. எக்ஸ்ரேயில் அதே இடைவெளி.

பிறகு ஒப்பரேஷன் நடந்தது. எலும்பு ஒருவழியாகப் பொருந்தியது, ஆனால் கால் கட்டையாகிவிட்டது, கணுக்கால் மடங்காது. முந்தியே செய்திருந்தால் கணுக்காலாவது தப்பியிருக்குமா என்று கேட்டேன். டொக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் திரும்பச் செருகினார். அதற்குள் மச்சான் படகில் வேறு ஆளை ஏற்றிவிட்டார்.

கடைசி நாள் சூசையண்ணை திசைகாட்டியை என் மேசையில் வைத்தார். "எனக்கு இனி வடக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நீங்கள் வைச்சிருங்கோ தம்பி. அடுத்த ஆளுக்கெண்டாலும் பாத்துப்போட்டுக் கட்டுங்கோ."

பெட்டி ஓடுகிறதா என்று இப்போது தினமும் காலையில் ஊசி சொல்லிவிடுகிறது; ஓடினால் எலும்பு பொருந்துமா என்று கேட்பவர்களிடம் 'தெரியாது' என்று நான் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு சொல்லைப் படிக்க எனக்கு இன்னொருவரின் கால் செலவாகியிருக்கிறது.