அம்மா வேண்டிக்கொண்ட பின்காத்து

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் காற்றைப் பற்றி எல்லாம் தெரியும். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு காற்றை அளந்தவள், அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வானிலை பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து சங்கரன்கோவிலில் எனக்குப் பெயர் ‘காத்தாபீஸ்காரி’. லீவுக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஏட்டி, ஒங்க ஆபீஸ்ல இன்னைக்கு மழைன்னு சொல்லியிருக்காவளா? அப்ப தைரியமா நூலைக் காயப்போடலாம்லா?”

“போடுங்க அண்ணாச்சி. நனைஞ்சா மட்டும் எங்கிட்ட வந்து அழாதீய” என்பேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

என் தம்பி விசைத்தறித் துண்டுகளைப் பொதி கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, புளியங்குடி வரை மிதித்துக் கடைகளுக்குப் போடுகிறவன். ஆனி ஆடியில் மேற்கே மிதிப்பதென்றால் சும்மாவா? மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று சைக்கிளை நிறுத்தியே வைத்துவிடும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, “நாசமாப்போற எதிர்க்காத்து” என்பான். திரும்பி வரும்போது பெடலில் காலை வைத்தால் போதும், வண்டி தானாக ஊர் வந்து சேரும். ஆகவே எங்கள் வீட்டில் எதிர்க்காத்து என்றால் கெட்டது, பின்காத்து என்றால் நல்லது. ஒரு காரியம் சுலபமாக முடிந்தாலே அம்மா “பின்காத்துல போயிட்டு” என்றுதான் சொல்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு வளைகுடாவில் ஒரு வேலை அமைந்தது. இன்ன தேதிக்குள் அந்த நாட்டில் போய் இறங்கியாக வேண்டும், தவறினால் விசா செல்லாது. ஏஜெண்டு இழுத்தடித்து, டிக்கெட் கைக்கு வந்தது சரியாக அந்தக் கடைசி நாளுக்கு. ஐப்பசி மாதம். மலைப்பக்கம் தினமும் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கிற காலம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஏஜெண்டு எதிரே நின்றிருந்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன்.

பயணத்துக்கு முன்னால் அவனைக் கோமதியம்மன் சந்நிதியில் நிறுத்தி, புற்று மண்ணை நெற்றியில் பூசிவிட்டு, அம்மா சத்தமாகவே வேண்டிக்கொண்டாளாம். “ஆத்தா, எம் மவன் ஏறுத பிளேனுக்குப் பின்காத்தா அடிச்சுக் கொண்டுபோய் விட்டுரு தாயே.” திருவனந்தபுரத்துக்கு வந்ததும் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

“யம்மா, பிளேன் ஏறும்போது பின்காத்து ஆகாது. எதிர்க்காத்துதான் அதைத் தூக்கும்” என்றேன்.

“போட்டி பொசகெட்டவளே. போற நேரத்துல எதிர்க்காத்து கிதிர்க்காத்துன்னுக்கிட்டு. வாயக் கழுவு.”

தம்பி சிரித்தான். பயந்த முகத்தோடு சிரித்தான். “ஏக்கா, மேகத்தப் பாத்தியா, கருப்பாக் கெடக்கு. ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்றான்.

“நான் இருக்கேம்லா. பயப்படாமப் போ” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அன்று மத்தியானப் பணி என்னுடையது.

அம்மாவைப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாடத்திலிருந்து பார்த்தால் ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு கம்பமும், அதன் உச்சியில் கட்டிய காற்றுப் பையும் தெரியும். தலையணை உறையை இரண்டு பக்கமும் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஊதி நிற்கும். அது என்ன என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. விமானம் கிளம்பி, ஓடுதளத்தின் ஒரு கோடிக்குப் போய், கடல் காற்றுக்கு முகம் காட்டித் திரும்பி நின்றது. உள்ளே என் தம்பி. அப்போதுதான் கடல் காற்று சட்டென்று அடங்கியது. எனக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலைப்பக்கமிருந்த மேகத்தின் அடியில் மழை கால் இறங்கியிருந்தது, அதற்கு முன்னால் செம்மண் புழுதி தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. காற்றின் திசை காட்டும் முள் தடுமாறி, ஒரு சுற்றுச் சுற்றி, நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது. காற்றுப் பை தொங்கி, மறுபடி எழுந்து கடலைப் பார்த்து விறைத்துக்கொண்டது.

இடிமேகத்தின் குணம் இதுதான். மின்னலைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் அதன் அடியிலிருந்து விழுகிற காற்றின் மேல். மழையோடு குளிர்ந்து கனத்த காற்று மேலிருந்து பொத்தென்று விழும், தரையில் மோதி நாலு பக்கமும் விரியும். மேகம் இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது என்று நினைத்துக் கிளம்பினால், முகத்தில் அடித்த காற்று ஒரு நொடியில் முதுகுக்குப் போய்விடும். விமானத்தின் இறக்கைக்கு எதிரே வருகிற காற்றுதான் பிடிமானம். தரையை விட்டு எழும்பி, இன்னும் உயரம் பிடிக்காத நேரத்தில் அந்தப் பிடிமானம் போனால், என்ன செய்யவும் இடமில்லை. வெளிநாடுகளில் அப்படி விழுந்த விமானங்களைப் பற்றி எங்களுக்குப் பயிற்சியில் பாடமே நடத்தியிருந்தார்கள்.

போனை எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். காற்று திரும்பிவிட்டது, விமானத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது, வேகம் கூடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் இருந்தவர் நிச்சயம்தானா என்று கேட்டார். “கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்” என்று கத்தினேன். விசா, கடைசி நாள், அம்மா எல்லாம் நினைவுக்கு வந்து கை நடுங்கியது என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். பொய். அதெல்லாம் போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விமானி காத்திருந்து பார்க்கவில்லை. விமானம் மெல்லத் திரும்பி, வந்த வழியே நிலையத்துக்கு வந்துவிட்டது. அது வந்து நின்றதுதான் தாமதம், புழுதி ஓடுதளத்தை மூடியது. வேலியோரத் தென்னைகள் வளைந்தன. மாடத்தில் நாற்காலிகள் உருண்டன. பிறகு மழை, எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை.

பணி முடிந்து மாடத்துக்கு ஓடினேன். அம்மா சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள்.

“ஏட்டி, பிளேனை நிறுத்தச் சொன்னது யாரு? நீயா?”

“காத்து திரும்பிட்டுன்னு சொன்னது நாந்தான்.”

“அது நான் வேண்டுன காத்துல்லாட்டி! அந்தப் பை திரும்புனதைப் பாத்ததும் ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நீ தம்பி வாயில மண்ணப் போட்டுட்டியே, பாவி.”

நான் எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை நின்று, மேகம் கடலுக்குள் போய், மறுபடி காற்று ஒழுங்காக வந்த பிறகு, சாயங்காலம் விமானம் கிளம்பியது. அங்கே கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுவதால் அவன் அந்தத் தேதிக்குள்ளேயே இறங்கிவிட்டான். சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அம்மா தெருவெல்லாம் சொன்னாளாம்: “ஆத்தா புண்ணியத்துல போய்ச் சேந்துட்டான். இவ கெடுக்கத்தான் பாத்தா.”

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. அவனைச் சுமந்தவள் அவள் என்றால் அன்றைக்கு அவனைக் காத்தவள் நான். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில் அவள் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, என்னை நம்ப வேண்டாம். தெனமும் சோறு வைக்கியே, அந்தக் காக்காயையாவது நம்பு. காத்தடிக்கும்போது அது எந்தப் பக்கம் பாத்து எந்திரிக்குன்னு பாரு” என்று கத்திவிட்டு, மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். சதை பிடித்திருந்தான், குரல்கூட மாறியிருந்தது. அவன் திரும்பிப் போக வேண்டிய நேரம் கோமதியம்மன் கோவில் ஆடித் தபசுத் திருவிழாவோடு வந்தது. அவனை வழியனுப்ப நானும் லீவு போட்டு வந்திருந்தேன். ஊரே தெருவில் நின்றது. மேற்கிலிருந்து அடித்த காற்றில் வளையல் கடைக்காரர்கள் கொட்டகைத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் கூட்டத்தில் நசுங்கி நின்றோம். அம்மன் சப்பரம் வந்ததும் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

“ஆத்தா கோமதி, எம் மவன் நாளைக்குப் போறான். அவனுக்கு நல்ல எதிர்க்காத்தாக் குடு தாயே!”

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏ யக்கா, பெத்த புள்ளைக்கு யாராச்சும் எதிர்க்காத்து கேப்பாவளா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?”

அம்மா கையை உதறினாள். தம்பியைப் பார்க்கவில்லை, சப்பரத்தையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“ஒனக்கென்ன தெரியும்? எம் மவ காத்தாபீஸ்ல இருக்கா. அவளக் கேளு.”