யோசெப்பினின் நீலக் கோப்பை

மிஷன் பயணம் என்றதும் காடும் கடலும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. கனடாவின் பிரெஞ்சு நகரொன்றில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் அந்தத் தமிழ்ச் சபையின் மிஷன் பயணம் மெட்ரோவின் மஞ்சள் பாதையில் ஓர் ஆற்றைக் கடக்கும். அதுவும் ஆற்றுக்கு அடியால். அக்கரையில் லொங்குய்ய். அங்கே ஒரு பழைய அடுக்குமாடியில், ஹங்கேரியிலிருந்து அகதிகளாக வந்த சில ரோமாக் குடும்பங்கள், ஊரார் ஜிப்சி என்று ஒதுக்கும் சனம். அவர்களை இயேசுவிடம் கொண்டுவருவது திட்டம். அவர்கள் ஏற்கெனவே அவரிடம்தான் இருக்கிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இரட்சிக்கப்போனவர்களைவிட இரட்சிக்கப்பட வேண்டியவர்கள் நன்றாகப் பாடினார்கள். ஆனாலும் திட்டம் திட்டம்தானே.

வாராவாரம் தவறாமல் போனவள் யோசெப்பின் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கணவன் இறந்துவிட்டான், மகன் ரொறன்ரோவில். சனிக்கிழமைகளில் அரிசியும் டயப்பரும் சுமந்துகொண்டு அந்த ரோமாப் பெண்களில் ஒருத்தியான மாரிகாவின் வீட்டுக்குப் போவாள். பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவாள். இருவருடைய பிரெஞ்சையும் சேர்த்தால்கூட ஒருவருக்குப் போதாது. என்றாலும் மத்தியானம் முழுக்கக் கதைப்பார்கள். மாரிகா கரிய கோப்பி போட்டு ஒரு நீலக் கோப்பையில் தருவாள். அந்தக் கோப்பை வேறு யாருக்கும் இல்லை. குடித்து முடித்ததும் யோசெப்பினே அதைக் கழுவி, குழாய்க்கு மேலிருந்த கொழுவியில் மாட்டிவிடுவாள், வீட்டு ஆள் மாதிரி.

“எனக்கெண்டு ஒரு கோப்பை வைச்சிருக்கினம்” என்று சபையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சபையில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. ஐக்கிய விருந்துகளில் அவள் சமைத்துக் கொண்டுபோகும் கணவாய்க் கறி போனபடியே திரும்பி வரும். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பாஸ்டர் சிவராசா அழகாகப் பிரசங்கிப்பார். கறிச் சட்டிக்குள் இருப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. யோசெப்பினின் தாய் யாழ்ப்பாணத்தில் யார் யார் வீட்டு முற்றம் கூட்டினாள் என்பது, ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அங்கே எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆகவே தள்ளிவைக்காமல் தன்னை உள்ளே எடுத்த வீடு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை அந்தக் கோப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலையில் பாஸ்டரும், மனைவி கனகவல்லியும், இன்னும் சிலரும் சபைக்குப் படம் எடுக்க மாரிகாவின் வீட்டுக்கு வந்தார்கள். மெட்ரோவிலேயே பாஸ்டர் எச்சரித்தார்: “அங்கை ஒண்டும் வாயிலை வைக்காதேங்கோ. ஊழியம் வேறை, வயிறு வேறை.”

மாரிகா கோப்பி வடித்ததும் கனகவல்லி பையிலிருந்து காகிதக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். “கரைச்சல் வேண்டாம், நாங்களே கொண்டு வந்தனாங்கள்” என்று மாரிகாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் ஆட்களிடம் திரும்பினாள்: “சும்மா கையிலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, படத்துக்கு.”

யோசெப்பினுக்கு, முற்றம் கூட்டிய வீடுகளில் அம்மாவுக்கென்று கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்த தகரக் குவளை கண்முன் வந்தது. மாரிகாவுக்கு அந்த அவமானம் வரக் கூடாது. எழுந்துபோய், நீலக் கோப்பையை விட்டுவிட்டு, அலமாரியில் மாரிகா வீட்டாரின் கோப்பைகளிலிருந்து தங்க விளிம்பிட்ட ஒன்றை எடுத்து, நிறைய ஊற்றி, எல்லோரும் பார்க்கக் குடித்தாள்.

கனகவல்லியின் முகம் சுருங்கியது. மாரிகாவின் முகமும் அதே மாதிரிச் சுருங்கியது. யோசெப்பின் கனகவல்லியை மட்டுமே பார்த்தாள்.

கீழே இறங்கிய பிறகு, குடையை மறந்துவிட்டோம் என்று அவள் திரும்பி ஏறினாள். கதவு திறந்திருந்தது. தங்க விளிம்புக் கோப்பை குப்பை வாளியில் கிடந்தது, உடையாமல்.

மாரிகாவுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. “அது என் மாமியாருடையது. வெளியாள் வாய் வைத்தால் பிறகு நாங்கள் குடிக்க மாட்டோம். எல்லா ரோமாவும் இப்படியில்லை, எங்கள் குடும்பத்தில் இப்படித்தான். உனக்குத்தான் நீலம் இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை?” என்றாள், உடைந்த பிரெஞ்சிலும் கையசைவிலுமாக. பிறகு அன்பாகவே கேட்டாள்: “உங்கள் ஆட்களிடமும் இந்த வழக்கம் உண்டுதானே? அந்த அம்மா தன் கோப்பையைக் கொண்டுவந்தாளே. நல்ல பெண்.”

“உண்டு” என்றாள் யோசெப்பின். தாயும் அந்தக் குவளையைத் தானேதான் கழுவிச் செருகுவாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெட்ரோவில் கனகவல்லி அருகில் உட்காரவில்லை. எதிர் இருக்கையிலிருந்து கேட்டாள்: “உமக்கு அருவருப்பே இல்லையோ, யோசெப்பின்? அதுகள் எப்பிடிப்பட்ட சனம் எண்டு தெரியுமோ?”

“தெரியும் அக்கா. உங்களை மாதிரிச் சனம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ரோமா மக்களின் அன்பைப் பற்றிச் சாட்சி சொன்னார். யோசெப்பினும் ஆமென் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்கப் பார்த்தாள். போக வேறு வீடு இல்லை. நீலக் கோப்பை கொழுவியில் இருந்தது. மாரிகா அவளைக் கட்டிப்பிடித்தாள், கோப்பி ஊற்றினாள். வழக்கம்போல நன்றாகவே இருந்தது. அதுதான் யோசெப்பினுக்குப் பொறுக்கவில்லை. குடித்துவிட்டு, கழுவி, மாட்டினாள்.