சாய்-ஹோங் அடித்த ஆணி

தைவானின் தைனான் நகர வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் எல்லோருமே தொப்பி, முகக்கவசம், கையுறை என்று மூடிக்கொண்டுதான் போவார்கள். அதனால் பெக்-சூ மூடிக்கொண்டு திரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெயில் பட்டால் அவளுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து தடிக்கும். லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே தாக்கும் நோய். வேலியே பயிரை மேய்ந்த கதை. கணவனுக்கு மட்டும் தெரியும். "அக்காகிட்ட மூச்சு விடாதே" என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டான். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் டாக்டர் சொன்னபடி விழுங்கினாள்.

அந்த அக்கா, அவனோடு கூடப்பிறந்த சாய்-ஹோங். சந்தையில் அவளும் பெக்-சூவும் சேர்ந்துதான் கடை நடத்தினார்கள். அரைத்த அரிசிமாவைக் கிண்ணத்தில் ஊற்றி, நடுவே பன்றிக்கறி வைத்து அவிப்பார்கள். கறி வதக்குவது அக்கா. வாய்க்குப் பூட்டு கிடையாது. மீன்காரன் முதல் கோயில் பூசாரி வரை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை.

பெக்-சூவின் மகள் யூ-ஆனுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் காரணம் தெரியாது என்றார்கள். வீட்டில் அன்றைக்கே தெரிந்துவிட்டது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது; கருவைக் காக்கும் சாமி எந்தச் சுவரில் இருக்கும் என்று யார் கண்டது? பெக்-சூவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி அடிக்கப்பட்டது. அடித்தவள் சாய்-ஹோங்.

பிள்ளையின் நோய் தெரிந்த அன்றோடு, பரிகாரமாக அவள் கறி தின்பதை விட்டாள். பன்றிக்கால் என்றால் உயிரை விடுகிறவள், கறியை வதக்குவாள், உப்புப் பார்க்க நாக்கில் வைக்கமாட்டாள்.

"ஏண்டி, இதை ருசி பாரு. நான் பாவி, எனக்குக் கீரைதான்."

பெக்-சூ ருசி பார்ப்பாள், "சரியா இருக்குக்கா" என்பாள். பழி ஆணியோடு போயிற்றே என்று அவளுக்கு நிம்மதி. ஆனால் தன் ரத்தம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். சொன்னால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது, கடையும் போய்விடும் என்று பயந்தாள். கோழைத்தனம்தான், வேறென்ன.

சிகிச்சை முடிந்து, முடி முளைத்து, யூ-ஆன் பள்ளிக்கூடமும் போனாள். பரிசோதனைக்குப் போன ஒரு நாள் பெக்-சூ துணிந்து, தன் நோயால்தானா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாள்.

"உங்களை மாதிரி நோய் இருக்கிற அம்மாக்களோட பிள்ளைங்களுக்குச் சில புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா வரலாம்னு சில ஆய்வு சொல்லுதும்மா. அப்பவும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வர்றதில்லை. உங்க பொண்ணுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"மாத்திரையாலயா?"

"மாத்திரையை நிறுத்தியிருந்தா உங்க ரெண்டு பேருக்குமே ஆபத்தாயிருக்கும்."

ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத பதில். அதை வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சாய்-ஹோங் வெறும் சோற்றில் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆயுசுக்கும் கறி தொடுவதில்லை என்று காலையில்தான் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம். பெக்-சூவுக்குத் தாங்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிக் கன்னத்தைக் காட்டினாள். நோய், டப்பா, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள்.

சாய்-ஹோங் பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மாடாட்டம் தழை திங்க வச்சிருக்கீங்க."

"மன்னிச்சுருக்கா. ஆணியால இல்லை. என்னாலயான்னு டாக்டருக்கே தெரியலை."

"அவருக்கே தெரியலைன்னா நீ எதுக்குடி தெரிஞ்சமாதிரி மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு திரிஞ்சே?"

பெக்-சூ அழுதாள். கறி வைத்து அவித்த ஒரு கிண்ணத்தை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினாள். சாய்-ஹோங் அதைத் திருப்பித் தள்ளினாள்.

"நான் கறி தின்னா, ஆணி இல்லேன்னா வேற என்னன்னு சந்தையே கேக்கும். கேட்டுக் கேட்டு கடைசியில பழி உன் கன்னத்துல வந்து நிக்கும். யார் கேட்டாலும் ஆணிதான். நான் அடிச்ச ஆணி. வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். நீ சாப்பிடு."

வாடிக்கையாளர் இருவர் படியேறினார்கள். சாய்-ஹோங் எழுந்து, பெக்-சூவின் முகக்கவசத்தைத் தானே காதில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.