யாருக்கு என்று கேட்ட நாள்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் ரத்ததானக் குழுவில் நான் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். காடாம்புலியூர்க்காரர். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு வெந்து கறுத்த விரல்கள். ரத்தம் யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டார், பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம்.

"எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

"என்னுது இல்லீங்க, நீங்க பேர் சொன்னீங்களே, அவனுது. தோப்பு வேலித் தகராறு. கட்டையால மண்டையப் பொளந்ததே நான்தான்."

ஊசி ஏறியது. முஷ்டியை மூடித் திறந்தபடி படுத்திருந்தார்.

"அப்புறம் ஏங்க ரத்தம் குடுக்கறீங்க?"

"அவன் செத்துட்டா நான் யாரப் போட்டு அடிச்சிகினு இருக்கறது?"

வெளியே போலீஸ் நின்றது. பஞ்சை அழுத்திக்கொண்டே போனார்.

ஜாமீனில் வந்ததும் போன் செய்தார். "பொழச்சிட்டானா?"

"பொழச்சிட்டாருங்க."

மறுமுனையில் ஒரு சத்தம். சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.