வளைவுக்கு மேல் ஒரு சாண்

நான் எடுக்கும் குடும்பப் படங்களில் பின்னணித் துணி இடப்பக்கமாகக் கொஞ்சம் தொய்ந்திருக்கும். வாங்கிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. கவனித்துக் கேட்பவர்களிடம், மலையே சரிவுதானே, துணி மட்டும் எப்படி நேராக நிற்கும் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணம் அந்தத் துணியைத் தாங்கும் ரீப்பர் கட்டை. பத்தடி நீளம், இரண்டு விரல் தடிமன், கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று ஆகிவிட்ட மரம். அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், உளியால் போட்ட இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் கயிறு வெட்டில் உட்கார்ந்துகொள்ளும். மறுமுனையில் வெட்டு கிடையாது. அங்கே கட்டும் கயிறு வழுக்கி உள்ளே வந்துவிடும். வெட்டுகளைப் போட்டவர் மேஸ்திரி. என்னை வாழ்க்கையில் பலர் ஏமாற்றியிருக்கிறார்கள். அளவெடுத்து ஏமாற்றியவர் அவர் ஒருவர்தான்.

மேஸ்திரி இங்கே, கொடைக்கானலில், ஒரு மிஷன் பள்ளியில் தச்சு வேலை பார்த்தவர். உடைந்த பெஞ்சு, கழன்ற கதவு, பிள்ளைகள் பெயர் செதுக்கிப் பாழாக்கிய மேசை என்று முப்பது வருடம் அவர் கைக்கு ஓய்வில்லை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். டேப்பை நம்பமாட்டார். எந்த வேலைக்கும் ஒரு நீளக் கட்டையை எடுத்து நிறுத்தி, வேண்டிய உயரத்தில் உளியால் ஒரு வெட்டு வெட்டிக்கொள்வார். “நம்பர எழுதி வச்சா தாளு தொலஞ்சிரும் தம்பி. வெட்டு எங்கயும் போவாது” என்பார். எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுகூடத் திரிந்தேன்.

ஏரிப் பக்கம் எனக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. கைப்பேசி வந்தபின் அதன் கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கடைசி வருடங்களில் கடை வாசலில் நின்றால், சுற்றுலா வந்தவர்கள் தங்கள் போனை என் கையில் கொடுத்து, “அண்ணே, ஒரு போட்டோ எடுத்து விடுங்கண்ணே” என்பார்கள். என் கடைப் பலகை பின்னால் தெரியும்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மேல்மலையிலிருந்து, போளூர், கிளாவரைப் பக்கத்திலிருந்து, ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காக அரைநாள் பஸ்ஸில் வந்து, அரைநாள் திரும்பிப் போவார்கள். பூண்டு வயலில் ஒரு நாள் வேலை போய்விடும். வந்ததுதான் வந்தோம் என்று கண்ணாடி முன்னால் நின்று பவுடர் பூசி, தலை சீவி, குடும்பமாக ஒரு படமும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது படம் மட்டுமல்ல. நாலு சுவரும் விளக்கும் கண்ணாடியும் உள்ள ஓர் அறைக்குள் போய் உட்காரும் மரியாதை. அந்த அறையையே அவர்களிடம் இழுத்துக்கொண்டு போனால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது.

அறையும் கிடைத்தது. சர்ச்சுக்குப் பின்னால் தனியாக வாழும் டீச்சரம்மாவின் பங்களாத் தோட்டத்தில் ஒரு பழைய கேரவன் கிடந்தது. கேரவன் என்ற சொல்லைச் சினிமாப் படப்பிடிப்புகள் எங்கள் ஊருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன. ஆனால் இது குளிரூட்டிய நடிகர் வண்டி அல்ல. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, தூங்கிச் சமைத்து ஊர் சுற்றிவிட்டு, விட்டுப்போன இரண்டு சக்கரத் தகரப் பெட்டி. கூரை தட்டை, உயரம் குறைவு. “எலிக எல்லாம் உள்ள ஞாயித்துக்கிழமைப் பூசையே வைக்குது. எடுத்துட்டுப் போனா புண்ணியமாப் போகும்” என்றார் டீச்சரம்மா. கடையைக் காலி செய்தேன். விளக்குகள், துணி, முக்காலி எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து போட்டேன். மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற இன்னும் ஆறு மாதம் இருந்தது அவருக்கு. பள்ளி விட்டதும் வருவார், இருட்டும்வரை வேலை செய்வார்.

முதல்நாள் அவர் செய்த முதல் வேலை என்ன என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கேரவனுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், டீச்சரம்மாவின் அப்பா கட்டிய கல் வளைவின் கீழ் நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வந்தார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அவரை நம்பி நான் எதையும் அளக்கவில்லை. எங்கள் தொழிலில் அளப்பது கிடையாது. எது அடங்காவிட்டாலும் நாலடி பின்னால் போனால் அடங்கிவிடும்.

நிற்கிற ஆளுக்கு மேலே விளக்கு வைக்க உயரம் வேண்டும் என்று கேட்டது நான்தான். “ஒசத்திருவோம்” என்றார். தட்டைக் கூரையைப் பெயர்த்துவிட்டு, மழை நிற்காமல் வழிய நடுவில் முகடு வைத்துத் தகரம் அடித்தார். ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை சொல்வார். ஆறடி நீளத்தில் ஒரு பெஞ்சு, குடும்பமாக உட்கார. கிழக்கே ஒரு ஜன்னல், காலை வெளிச்சத்துக்கு. சட்டை மாற்றுபவர்களுக்கு வரிசையாக ஆணிகள். முகம் கழுவ ஒரு தொட்டி. மூலையில் சின்னதாக ஒரு மாடம், லென்ஸ் வைக்க. கதவுக்கு உட்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். போட்டோ எடுக்க வருபவர்கள் எதற்கு உள்ளே தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “என்னங்க இது, ஒரு அடுப்ப வச்சா குடியிருக்கலாம் போலருக்கே” என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்த மேஸ்திரியின் கை நின்று, பிறகு நகர்ந்தது. பாராட்டுக்குக் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் கவலையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்கத்தான் நாலு பேர் சிரிக்கப் பேசக் கற்றுக்கொண்டவன். கொண்டை ஊசி வளைவில் ஜீப் இந்தப் பக்கம் திரும்ப, பின்னால் வரும் கேரவன் பக்கத்தில் வந்து எனக்கு டாட்டா காட்டிவிட்டு முந்திப்போவதாகக் கனவு வரும். வண்டி நல்லபடியாகப் போளூர் போய்ச் சேர்ந்தால் பழனிக்குப் போய் மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். “மொட்ட போட அங்க என்ன கெடக்கு?” என்று என் வழுக்கையைப் பார்த்துக் கேட்டாள் மனைவி. கொண்டி கழன்றால், பிரேக் எரிந்தால், பனி இறங்கினால், காட்டெருமை நின்றால் என்று மலைப்பாதையில் வரக்கூடிய எல்லா விபத்தையும் வரிசையாக நினைத்துப் பயந்து முடித்திருந்தேன். வாசலைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பயப்படவில்லை.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு வருவதாகப் போளூருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வெள்ளனே ஜீப் வந்தது. டீச்சரம்மா ஜெபம் சொன்னார், என் மனைவி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். ஜீப் இழுத்தது. கேரவன் முனகியபடி பத்தடி நகர்ந்து, வளைவின் கீழே போய், தகரம் கல்லில் உராயும் ஒரு சத்தத்தோடு நின்றது. அந்தச் சத்தம் என் பல்லில் இன்னும் இருக்கிறது. “முட்டுதுண்ணே!” என்று கத்தினார் டிரைவர். நான் முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், எதற்கென்று தெரியாமல் என் சட்டையைக் கழற்றித் தகரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் திணிக்கப் பார்த்தேன். தெருவில் போன ஒருவர் நின்று, “டயர்ல காத்த எறக்குங்கப்பா” என்று ஊரறிந்த வைத்தியத்தைச் சொன்னார். இறக்கினோம். அப்படியும் நாலு விரல் மிச்சம். வளைவை இடிக்கலாமா என்று டீச்சரம்மாவைப் பார்த்தேன். “எங்கப்பா கட்டினது. அதுல கை வச்சா எம்மேல கை வச்ச மாதிரி” என்றார். சுற்றிலும் கல்மதில், பின்னால் பள்ளம். வேறு வழியில்லை.

அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது மேஸ்திரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். நான் போய் அதைப் பிடுங்கி வளைவின் கீழ் நிறுத்தினேன். ஒரு வெட்டு கல்லுக்குச் சரியாக நின்றது. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு வெட்டு. கேரவன் பக்கத்தில் நிறுத்தினேன். காற்று இறங்கியதுபோக முகடு இரண்டுக்கும் நடுவில் நின்றது. மேல் வெட்டு, காற்று இறங்கும் முன் முகடு நின்ற உயரம். காற்று எவ்வளவு இறங்கும் என்பதையும் சேர்த்து அளந்திருக்கிறார்.

“மேஸ்திரி, ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“எப்பருந்து?”

“மொத நாள்லருந்து.”

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். என்னென்னவோ கத்தினேன், டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பொறந்தது தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல. வயசு பத்துல கப்பல். பொறகு கேம்ப். பொறகு ஸ்கூல் குவார்ட்டர்ஸ். எல்லா எடத்துலயும் ஒருநா வந்து காலி பண்ணுன்னுட்டாங்க. இந்த மாசக் கடைசியில குவார்ட்டர்ஸயும் விடணும். மக கீழ இருக்கா, அவ மாமியா வீட்டுல எனக்கு எடமில்ல. நம்ம கையால செஞ்சது ஒன்னாச்சும் நகராம இருக்கட்டும்னு நெனச்சேங்க.”

“வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேய்யா!”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா தம்பி?”

கொடுத்திருக்கமாட்டேன். என் எரிச்சலே அதுதான். அவர் என்னை நன்றாக அளந்திருந்தார்.

பிறகு உள்ளே போய் ரம்பத்தை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். “முகட்ட அறுத்தா வண்டி போயிரும். ஒரு நாள் சோலி. நான் அறுக்கமாட்டேன். நீங்க அறுங்க.” ஆனால் போளூர் அன்றைக்கே காத்திருந்தது. கேரவனைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, துணியையும் விளக்கையும் ஜீப்பில் ஏற்றினேன். ஆத்திரத்தில் அந்தக் கட்டையையும் தூக்கி மேலே கட்டினேன். அவருடைய பொருள் ஒன்றையாவது பறித்துக்கொள்ளவேண்டும் என்றிருந்தது.

போளூரில் பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாக முப்பது நாற்பது பேர் காலையிலிருந்து நின்றிருந்தார்கள். “எங்கண்ணே வண்டி? பிள்ளைககிட்ட எல்லாம் வீட்டுக்குள்ள ஏறிப் போட்டோ எடுக்கலாம்னு சொல்லி வச்சிருக்கமே” என்றார் ஒருவர். பிரேக் சரியில்லை என்று பொய் சொன்னேன். ஜீப்புக்கும் ஒரு பேரிக்காய் மரத்துக்கும் நடுவில் கட்டையைக் கட்டித் துணியைத் தொங்கவிட்டேன். காற்று விடவில்லை. முந்தானையைப் பிடிப்பதா, சிரிப்பதா என்று தெரியாமல் விழித்த முகங்களைத்தான் அன்று எடுத்தேன். ஒரு வயதான அம்மா கைக்கண்ணாடியில் பவுடரைச் சரிபார்த்துவிட்டு, “பஸ்ஸேறி ஒங் கடைக்கே வந்திருக்கலாம்யா” என்றார். கடை இல்லை என்று அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முகட்டை அறுக்கப் போனேன். மேஸ்திரியின் தகரப் பெட்டி அதற்குள் பெஞ்சுக்கடியில் வந்திருந்தது. சட்டைகள் ஆணிகளில் தொங்கின. லென்ஸ் மாடத்தில் பழனி முருகன் படம். ஏணி வைத்து ஏறி, ஈரத் தகரத்தில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நின்று ரம்பத்தைப் போட்டேன். இரண்டு விரல் ஆழம் போயிருக்கும். கீழே பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். உயரம் பத்தடிகூட இல்லை. எனக்குக் கொடைக்கானல் மொத்தமும் காலுக்கடியில் சுற்றியது. ரம்பம் நழுவி விழுந்தது. “ஏணியப் பிடிங்கய்யா! யாராச்சும் பிடிங்க!” என்று அலறினேன். மேஸ்திரிதான் ஓடிவந்து பிடித்தார். “கீழ பாக்காதீங்க தம்பி. ஒவ்வொரு காலா வைங்க. நான் பிடிச்சிருக்கேன்.” தன் வீட்டை அறுக்க வந்தவனுக்கு ஏணி பிடித்த ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். இறங்கியதும் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன். குளிருக்கு ரோஷம் கிடையாது. மறுபடி நான் ஏறவில்லை. வேறு ஆளையும் ஏற்றவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். டீச்சரம்மாவின் கதவு ஜன்னல்களைப் பார்த்துக்கொள்கிறார். காலி பண்ணு என்று டீச்சரம்மா சொல்லவில்லை. நான் ஜீப்பில் துணியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். பிழைப்பு ஓடுகிறது. பழனிக்குப் போகவில்லை, முருகன் எனக்கு வைத்த கணக்கில் மொட்டை ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. மேஸ்திரியை மன்னித்துவிட்டீர்களா என்று மனைவி கேட்பாள். இல்லை. அந்தக் கிழக்கு ஜன்னல் வழியே வெளிச்சம் பெஞ்சில் விழும்போது, அங்கே உட்கார்ந்திருக்கவேண்டிய போளூர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குத் தெரியும்.

போன மழையில் ஒருநாள் ஒதுங்க வேறு இடமில்லாமல் உள்ளே போனேன். முகட்டில் நான் போட்ட வெட்டு வழியே சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம். தச்சு வேலையில் ஊறிய ஆளுக்கு அது கால்மணி நேர வேலை.

“அடைக்க வேண்டியதுதானே மேஸ்திரி?”

“அது ஒங்க பங்குங்க. கெடக்கட்டும்.”

மேஸ்திரி கிண்ணத்துத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வந்தார். பிறகு வாசலில் நின்ற ஜீப்பின் மேலிருந்த கட்டையைக் காட்டி, “துணி ஒரு பக்கம் தொய்யிதாமே, டிரைவர் சொன்னாரு. கொண்டாங்க, அந்த முனையிலயும் ஒரு வெட்டு போட்டுத் தாரேன்” என்றார்.

“வேணாம். ஒங்க வெட்டு ரெண்டு போதும்” என்றேன்.

துணி இன்னும் அந்தப் பக்கம்தான் தொய்கிறது. அவர் வெட்டிய பக்கம், எந்தக் காற்றுக்கும், ஒரு நூல்கூட அசைவதில்லை.