வாசலில் நாற்காலி போட்டோம்

பொன்மலையில் என் அப்பா கல்யாண பேண்டு ஒன்றில் டிராம்போன் வாசித்தார். மற்ற நாட்களில் ரயில்வே ஒர்க்ஷாப், முகூர்த்த நாளில் சிவப்புக் கோட்டு. பத்தாவது முடித்த விடுமுறையில் நான் அவருடைய வாத்தியத்தை எடுத்து ஊதியபோது, பேண்டு மாஸ்டர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குக் கை எட்டாதும்மா. கிளாரினெட் எடுத்துக்க." டிராம்போனில் விரல் வைக்கத் துளை கிடையாது, குழாயை நீட்டியும் இழுத்தும்தான் சுரம் பிடிக்க வேண்டும். கடைசி நிலைக்கு என் கை நாலு விரல்கடை குறைந்தது. தோளைத் திருப்பி, விரல் நுனியால் தள்ளிப் பிடித்தேன். இன்றும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

பதினாலு வருஷம் அந்த பேண்டில் வாசித்தேன். தொட்டியத்திலிருந்து சமயபுரம் வரை நான் போகாத மண்டபம் இல்லை. ஆனால் வாசல் வரைதான். மாப்பிள்ளை கார் கேட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். உள்ளே நாதஸ்வரம் ஒலிக்கும். நாங்கள் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்போம். நாற்காலி கேட்டால், "பேண்டுக்காரங்க நிக்கிறதுதானே வழக்கம்" என்பார்கள்.

பிறகு ஒரு பள்ளியில் பேண்டு சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. நாலு மாணவிகளுக்கு டிராம்போன் கொடுத்தேன். ஒருத்தியின் அம்மா மறுநாளே வந்துவிட்டார்.

"உதடு தடிச்சிடும்கிறாங்களே டீச்சர். நாளைக்கு இவளுக்கு வரன் பாக்கணும்ங்க."

"என் உதட்டைப் பாருங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. எங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலை."

அவர் சிரித்துவிட்டார். பெண்ணை நிறுத்தவில்லை.

அந்த நால்வரும் படித்து வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வாசிக்க வந்தார்கள். ராகம் ராகமாகப் பழகினோம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போவது இந்த வாத்தியத்தின் பிறவிக் குணம். கமகம் அதற்கு இயல்பாக வந்தது. கச்சேரி செய்தே தீருவது என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு அரங்கின் செயலாளரைப் போய்ப் பார்த்தேன்.

"பேண்டு வாத்தியமா? அது ஊர்வலத்துக்குன்னா உண்டானது! மேடைக்குச் சரிப்படாது. வேணும்னா விழா அன்னிக்கு வாசல்ல வாசிச்சுட்டுப் போங்கோ."

"அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

அவர் மேஜைக்கு எதிரில் நின்று மோகனம் வாசித்தேன். கண்ணை மூடி முழுதும் கேட்டார்.

"நன்னாத்தான் இருக்கு. அதுக்காக வழக்கத்தை மாத்த முடியுமா?"

நன்றாக இல்லை என்றிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாதகம் செய்திருப்பேன். நன்றாக இருந்தும் முடியாது என்றதுதான் சுட்டது.

"அப்ப வாசல்லயே வாசிக்கிறோம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். ஞாயிறு மாலை நாலரைக்கு அந்த அரங்கின் மதிலோரம், தெருவில், பந்தல் கடை நாற்காலிகளை இறக்கினோம். முதல் ஐந்தும் எங்களுக்கு. அதுவரை நின்றே பழகியிருந்த மாணவிகளில் ஒருத்தி உட்கார்ந்து ஊதிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மூச்சு எவ்ளோ நல்லா நிக்குது!" என்றாள். பதினாலு வருஷம் எங்களை நிற்க வைத்தே ஊதச் சொன்னதை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் வர்ணத்தை வேகமாகவே எடுத்துவிட்டேன்.

பஸ் ஹாரன் குறுக்கே வந்தது. மினி பஸ் ஒன்று ஒதுங்கிப் போக இடமில்லாமல் நின்றது, அதிலிருந்தவர்களும் கேட்டார்கள். பூக்கார அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். பாதியில் செயலாளர் கேட்டருகே வந்தார்.

"இன்னும் எவ்வளவு நாழி ஆகும்?"

"மங்களம் வரைக்கும் சார்" என்று சொல்லிக் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை.

அடுத்த வருஷம் அவரே போன் செய்தார். ஒரு பிரமுகர் வருகிறாராம், வாசலில் வரவேற்பு வாசிக்க வேண்டுமாம். "மேடையில ஒரு மணி நேரம் குடுங்க, வர்றோம்" என்றேன். வேறு பேண்டைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இப்போது நானே கச்சேரிகள் ஏற்பாடு செய்கிறேன். அரங்குக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: வாசிப்பவர்கள் முன்வாசல் வழியாக வருவார்கள், உட்கார்ந்து வாசிப்பார்கள். திருச்சியில் மூன்று அரங்குகள் ஒப்புக்கொண்டன. சில அரங்குகளில் முகம் சுளித்தார்கள். அங்கே இரண்டாம் முறை நான் போவதில்லை. ஸ்ரீரங்கத்து மேடையில் இன்னும் ஏறவில்லை. அதற்காக யாரிடமும் மனு கொடுக்கப் போவதில்லை.